சுரங்க வாசலில் நின்றவன்

கிளைவுக்குக் கட்டாரில் ஒரு துறைமுகத்தில் வேலை சரிவந்திருந்தது. மெடிக்கலும் பொலிஸ் ரிப்போர்ட்டும் முடிந்தால் பயணம்தான். போவதற்கு முன் ஒரு சனி ஞாயிறு மலைநாட்டுப் பக்கம் போய், ரயில் லைன் ஓரமாகக் கூடாரம் அடித்துத் தங்கி, ஆசைதீர ரயில் படம் எடுக்க வேண்டும் என்று அவன்தான் சொன்னான்.

"மலை ஏறுற ரயிலை இனி எப்ப மச்சான் நான் பாக்கப்போறன்?"

வினோதன் அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்தான்.

இருவரையும் சேர்த்துவைத்ததே ரயில்தான். வெள்ளவத்தையில் வினோதன் இருந்த ஒழுங்கை நேராகக் கடலுக்கு இறங்கும். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே தண்டவாளம். ஒரு மாலை அவன் கமராவோடு அங்கே நின்றபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவன் அலைத்தடுப்புக் கல்லின் மேல் ஏறி நின்று அதே ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அலை அடித்து நனைந்தும் கல்லை விட்டு இறங்கவில்லை. ரயில் போன பிறகு இரண்டு பேரும் தங்கள் கமராக்களை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். கிளைவ் துறைமுகத்துக் கொள்கலன் முற்றத்தில் கிளார்க். வினோதன் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்து நட்டஈட்டுப் பிரிவில் இருந்தான். கொழும்பில் பிறந்து வளர்ந்த இருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தடவையாவது சந்திக்காமல் இருந்ததில்லை.

இந்தப் பயணத்துக்குக் கிளைவின் மனைவி றொசானாவும் வந்தாள். அவள் படம் எடுப்பவள் அல்ல. "ரயில் வரும், போகும். அதைப் பாத்து ரெண்டு பேருக்கும் என்னதான் கிடைக்குதோ," என்பாள். ஆனால் குளிர் பிடிக்கும். ஒகிய ஸ்டேஷனுக்கு அப்பால், இரண்டு சுரங்கங்களுக்கு நடுவில், லைனுக்கு மேலே பைன் மரங்களுக்குள் ஒரு சமதரை கிடைத்தது. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு கூடாரங்களை அடித்தார்கள். சனிக்கிழமை முழுவதும் நல்ல வெயில். கிளைவ் குழந்தைப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு ரயிலுக்கும் கை காட்டினான். றொசானா மாசிச் சம்பல் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள், பேக்கரிப் பாணோடு சாப்பிட்டார்கள். வினோதனுக்கு அவர்களோடு இருக்கும்போது மனம் எப்போதும் லேசாகிவிடும். தன் வீட்டில் கதைப்பதைவிட அங்கே அதிகம் கதைப்பான்.

ஞாயிறு விடிய மூடுபனி இறங்கியிருந்தது. மெல்லிய தூறல். கொழும்பிலிருந்து இரவு புறப்பட்ட மெயில் ரயில் விடியற்புறம் அந்தப் பக்கம் வரும். றொசானா தண்ணீர் எடுக்கக் கானையும் தூக்கிக்கொண்டு பள்ளத்துக் குழாயடிக்குப் போனாள். கிளைவ் தன் சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, லைனிலிருந்து தள்ளி, சரிவின் விளிம்பில் இடம் பிடித்தான்.

வினோதன் தண்டவாளத்துக்கு நடுவே போய் நின்றான். சுரங்கத்தின் கறுத்த வாய் நேர் எதிரே இருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து என்ஜினின் விளக்கு வெளியே வரும் கணம், பனியில் வெளிச்சம் பரவும். அதை நேராக எடுக்க வேண்டும். ஓரத்தில் நின்றால் அந்தப் படம் கிடைக்காது.

"மச்சான், லைனில நிக்காத. இங்கால வா," என்றான் கிளைவ்.

"டனலுக்குள்ளை லைற்றைக் கண்ட உடனை பாய்ஞ்சிடுவன்."

"உள்ளுக்க வளைவு. லைற் கடைசியிலதான் தெரியும். விளையாடாத."

"ஒரு படம்தான்ரா."

தண்டவாளம் முதலில் மெல்ல அதிர்ந்தது. பிறகு சுரங்கத்துக்குள் இரைச்சல் நிரம்பியது. கிளைவ் சொன்னது சரி. வெளிச்சம் தெரிந்தபோது என்ஜின் ஏறக்குறைய வாசலுக்கே வந்துவிட்டது. வினோதன் கமராவை அழுத்தினான். ஹோர்ன் காதைப் பிளந்தது. பிரேக் பிடித்த சத்தம் மலை முழுவதும் கிறீச்சிட்டது. அவன் பாய்ந்தான். கிளைவைக் கடந்து, சரிவில் விழுந்து உருண்டு, ஆள் உயர மானாப் புல்லுக்குள் போய்க் கிடந்தான். மேலே பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி உலுக்கி, சில பெட்டி நீளம் அப்பால் போய், ரயில் நின்றது.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கை உராய்ந்திருந்தது, அவ்வளவுதான். எழும்புவதற்குக் கையை ஊன்றினான். அப்போதுதான் மேலே சத்தங்கள் கேட்டன. யாரோ பெண் கத்தினாள். ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. ஆட்கள் குதித்து இறங்கினார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கிய கார்ட், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புக் கோட்டோடு நின்ற கிளைவைப் பிடித்தார்.

"பிஸ்ஸுத ஓயாட்ட?" பைத்தியமா உனக்கு என்று அவர் கத்தினார். முன்னாலிருந்து ஓடிவந்த சாரதியின் உதவியாளும், லைனில் ஆள் நின்றதைக் கண்டதாகவும் பிறகு சிவப்பு நிறத்தைக் கண்டதாகவும் சொன்னான். லைனில் நின்றது நான் இல்லை என்று கிளைவ் சிங்களத்தில் சொன்னான்.

"அப்ப யார்?" என்று கேட்டார் கார்ட்.

கிளைவ் திரும்பிப் புல்லுப் பக்கம் பார்த்தான். பனிக்கும் புல்லுக்கும் நடுவே வினோதனுடைய முகத்தை நேராகப் பார்த்தான். வினோதனும் பார்த்தான். இப்போது கை நீட்டிக் காட்டப்போகிறான் என்று நினைத்தான். கிளைவ் காட்டவில்லை. காத்துக்கொண்டு நின்றான். எழும்ப வேண்டும் என்று வினோதனுக்குத் தெரியும். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. அவன் தலையை இன்னும் கொஞ்சம் கீழே தாழ்த்தினான்.

அந்த நேரம் ஒரு பெட்டியிலிருந்து இளைஞன் ஒருவன் இறங்கி ஓடிவந்தான். "எங்கம்மா கதவுகிட்ட நின்னுச்சி. விழுந்து கை ஒடஞ்சி போச்சி. நீ படம் புடிக்கவா வந்த?" என்று கிளைவின் கன்னத்தில் அறைந்தான். சத்தம் கீழே வரை கேட்டது. கிளைவின் கண்ணாடி கல்லின் மேல் விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்துப் போட்டுக்கொண்டான். மறுபடி புல்லுப் பக்கம் பார்க்கவில்லை. கார்ட் அவனைத் தன் பெட்டியில் ஏற்றினார். ரயில் புறப்பட்டுப் போனது.

வினோதன் மேலே ஏறி வந்தபோது றொசானா கானைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"என்ன சத்தம்? கிளைவ் எங்க?"

"ரயிலிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

"ஏன்? என்ன செய்தவன்?"

"தெரியேல்லை. நான் மேலை மரத்தடியிலை நிண்டனான். லைனிலை நிண்டவன் எண்டு சொல்லினம்."

வாயைத் திறந்தபோது அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் தெரியவில்லை. அவனுடைய காற்சட்டை முழுவதும் சேறு. றொசானா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

றோட்டுக்கு நடந்து, ஒரு த்ரீவீலரைப் பிடித்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போனார்கள். கிளைவை ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். பொலிஸ் வரும்வரை வெளியே விட முடியாது என்று மாஸ்டர் மரியாதையாகத்தான் சொன்னார். றொசானா ஓடிப்போய்க் கணவனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் பதிந்திருந்தன.

"நீயா லைனில நிண்ட? வினோத் மேல மரத்தடியில இருந்தவனாம், அவனுக்கு ஒண்டும் தெரியாதாம்."

கிளைவ் வாசலில் நின்ற வினோதனைப் பார்த்தான்.

"ஓம்," என்றான் பிறகு. "அவன் மேல இருந்தவன்."

வினோதனால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. ரயில் மேடைக்கு வந்தான். அங்கே மர வாங்கில் ஒரு பெண் தன் வலது கையைச் சேலைத் தலைப்பால் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம். முகம் வெளுத்திருந்தது. மகன் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் பார்க்கப் போயிருக்கிறான் போல. அவள் இடது கையில் போனை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, தமிழா? இந்த நம்பர கொஞ்சம் போட்டுத் தாங்க. மகளுக்குச் சொல்லணும். இந்தக் கையால முடியல."

அவன் அழைப்பை எடுத்து, அவள் காதோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மகளிடம், ஒன்றுமில்லை, சின்ன அடிதான், பயப்படாதே, லைனில் எவனோ நின்னான், டிரைவர் சாமி மாதிரி நிப்பாட்டிட்டாரு, இல்லேன்னா அவன் செத்திருப்பான் என்று சொன்னாள். சொல்லும்போது வலியில் பல்லைக் கடித்தாள். பேசி முடித்ததும் அவனைப் பார்த்து, "நல்லா இருங்க தம்பி," என்றாள். பெயர் என்ன என்று அவன் கேட்டான். தெய்வானை என்று சொல்லி, எந்தத் தேயிலைத் தோட்டம் என்பதையும் சொன்னாள். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

பொலிஸ் வந்தது, வாக்குமூலம் எழுதியது. மத்தியானத்துக்குப் பிறகு, வழக்குக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கிளைவைப் பிணையில் விட்டார்கள். பிணைக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். றொசானா திரும்பி, "வினோத், நீ போடுறியா?" என்று கேட்டாள். அவன் போட்டான். அவனுடைய நல்ல உத்தியோகத்தைப் பார்த்து சார்ஜன்ட் உடனே ஏற்றுக்கொண்டார்.

கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் மூன்று பேரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். றொசானா கிளைவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். இப்போது சொல்லலாம் என்று வினோதன் நினைத்தான். கிளைவ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஹட்டன் வந்தது, நாவலப்பிட்டி வந்தது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, "சரி மச்சான்," என்றான் கிளைவ். "சரி," என்றான் வினோதன்.

அந்தக் கிழமை அவன் வேலைக்குப் போனான். மேசையில் வழக்கமான விபத்துக் கோவைகள். திடீரென்று குறுக்கே வந்தது, நான் காணவில்லை, என்மீது பிழையில்லை என்று சாரதிமார் எழுதித் தந்த வாக்குமூலங்கள். இப்படியானவற்றை வாசித்து அவனும் பக்கத்து மேசைக்காரரும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்கள். இப்போது ஒவ்வொன்றையும் திறக்கும்போது காது சூடாகியது. வீட்டில் அம்மா, "ட்ரிப் எப்பிடி மோனே?" என்று கேட்டபோது, நல்ல குளிர் என்று மட்டும் சொன்னான்.

படத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தான். பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தான். கறுத்த வாசல், அதற்குள்ளிருந்து வெடித்து வரும் வெளிச்சம், ஈரத்தில் மின்னும் இரண்டு தண்டவாளங்கள் அவனுடைய காலடியிலிருந்தே தொடங்கி உள்ளே போயின. அவன் இதுவரை எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் இல்லை. அது சரியாக வராமல் போயிருக்கலாம் என்று நினைத்தான். ஆட்டம் கண்ட, மங்கிய ஒரு படமாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினான். கிளைவும் றொசானாவும் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், ஒடுங்கிய படிகளுக்கு மேலே இருந்தார்கள். கிளைவ் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. றொசானா அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"வா வா. நல்ல நேரம் வந்த. மீன் குழம்பு அடுப்பில இருக்கு."

"இல்லை றொசானா, நான்..."

"டேய், இரு. எப்ப நீ சாப்பிடாமப் போயிருக்கிற?"

அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் வைத்தாள். எதிரே இருந்து கதைக்கத் தொடங்கினாள். லோயரைப் பார்த்தார்களாம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு முடியும், இழுத்தடித்தால் வருடக்கணக்கில் போகும் என்று அவர் சொன்னாராம். கிளைவும் ஒத்துக்கொள்ளப்போகிறானாம். ஆனால் ஒத்துக்கொண்டால் பொலிஸ் ரிப்போர்ட்டில் அது வரும். கட்டார்க்காரர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

"ராத்திரி எல்லாம் முழிச்சுக்கொண்டு இருக்கிறான். கேட்டா ஒண்டும் சொல்றானில்ல. ஏன்டா லைனில போய் நிண்ட எண்டு எத்தனை தரம் கேட்டிருப்பன். வாயே திறக்கான்." அவள் கண்களைத் துடைத்தாள். "நீ மட்டும் அண்டைக்கு என்னோட இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்? தெரியாத ஊர். ஒரு நாள் முழுக்க என்னோடயே இருந்த. சைன் பண்ணின. மம்மிட்டயும் சொன்னன், வினோத் கூடப்பிறந்தவன் மாதிரி எண்டு."

வினோதன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"றொசானா," என்றான். "லைனிலை நிண்டது நான்."

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"கிளைவ் ஓரமா நிண்டவன். வா எண்டு என்னைக் கூப்பிட்டவன். நான்தான் நடுவிலை நிண்டு படம் எடுத்தனான். பிறகு பாய்ஞ்சு புல்லுக்குள்ளை ஒளிச்சிட்டன்."

அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது. அவள் எழும்பவில்லை.

"மரத்தடியில நிண்டனான் எண்டு சொன்ன."

"பொய்."

"அவனுக்கு அடிக்கேக்க?"

"பாத்துக்கொண்டு கிடந்தனான்."

அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொலிஸ் என்றால் சின்ன வயதிலிருந்தே தனக்குப் பயம், அப்பாவைச் சோதனைச்சாவடியில் இறக்கி நிறுத்திவைத்ததைக் கண்டவன், எங்கள் பெயரைக் கண்டால் எதையும் எப்படியும் எடுப்பார்கள், தமிழ் ஆட்கள் ரயில் பாதையில் நின்றால்... என்று சொல்லிக்கொண்டே போனான்.

"அப்ப கிளைவ் யாரு?" என்றாள் றொசானா. சத்தம் உயரவில்லை. "அவன் தமிழன் இல்லையா? இந்தத் தெருவைச் சுத்தி வளைச்சு எத்தனை ரவுண்டப் நடந்தது தெரியுமா? என்ட பப்பாவை இந்தப் படியாலதான் இறக்கிக்கொண்டு போனவங்க. பயம் உனக்கு மட்டுமா இருக்கு?"

சொல்லும்போதே அது பொய் என்று வினோதனுக்குத் தெரியும். புல்லுக்குள் கிடந்தபோது அவன் அப்பாவையும் நினைக்கவில்லை, சோதனைச்சாவடியையும் நினைக்கவில்லை. அகப்படக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தான். மற்றவையெல்லாம் பிறகு தேடி எடுத்தவை. அப்பாவின் அவமானத்தைக் கொண்டுவந்து தன்னுடையதை மூடப் பார்த்திருக்கிறான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கிளைவ் உள்ளே வந்து, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தான். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

றொசானா எழும்பினாள். "உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னட்டயும் மறைச்ச."

"நான் கை நீட்டிக் காட்டியிருக்கலாம்," என்றான் கிளைவ், மனைவியிடமா நண்பனிடமா என்று தெரியாமல். "இவனா எழும்பி வருவான் எண்டு நினைச்சன். பிறகு ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுவான் எண்டு நினைச்சன். பிறகு ட்ரெயின்ல. நினைச்சு நினைச்சே ஒரு கிழமை போயிட்டுது."

"நான் நாளைக்கே பொலிஸுக்குப் போய்ச் சொல்லுறன்," என்றான் வினோதன்.

"போ," என்றான் கிளைவ்.

வினோதன் கையைக் கழுவிவிட்டுப் படியிறங்கினான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மலைக்குப் போனான். பொலிஸ் நிலையத்தில் அதே சார்ஜன்ட் இருந்தார். படத்தையும் காட்டி, நடந்ததைச் சிங்களத்தில் முழுவதும் சொன்னான். சார்ஜன்ட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "லஸ்ஸன பின்தூரயக்," நல்ல படம் என்று தலையாட்டினார். பிறகு கேட்டார்: "அய் மல்லி, எதா கிவ்வெ நெத்தெ?" ஏன் தம்பி, அன்றைக்கே சொல்லவில்லை என்று.

கோபமாகக் கேட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். அவர் ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு வாக்குமூலத்தை எழுதினார். அவ்வளவுதான். இதற்காகவா புல்லுக்குள் ஒளிந்தேன் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தேநீரைக் குடித்தான்.

வழக்கு நாளில் லோயர் எல்லாவற்றையும் நீதவானிடம் எடுத்துச் சொன்னார். கிளைவை விடுவித்தார்கள். வினோதன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். எச்சரித்து அபராதம் விதித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நட்டஈடும் கட்டச் சொன்னார்கள். வெளியே வந்ததும் கிளைவும் றொசானாவும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்கள். அவன் அவர்களுக்குப் பின்னால் போகவில்லை. ஒரு த்ரீவீலர் பிடித்துத் தெய்வானை சொன்ன தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் நடுவில் அவளுடைய வீடு. கையில் மாவுக்கட்டோடு வாசலில் இருந்தாள். அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அட, போன் போட்டுக் குடுத்த தம்பி. உள்ள வாங்க. ஏய், யாரு வந்திருக்காங்க பாரு."

மகன் வெளியே வந்தான். கிளைவை அறைந்தவன். வினோதன் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னான். லைனில் நின்றது தான் என்றும், தன் நண்பனுக்குத்தான் அன்றைக்கு அடி விழுந்தது என்றும், அவள் காதில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எல்லாம் தெரிந்துதான் நின்றதாகவும் சொன்னான்.

தெய்வானையின் முகம் மாறியது. அவன் ஸ்டேஷனில் பார்த்த சாந்தம் அதில் இல்லை.

"எத்தன நாளாச்சி நான் மலைக்குப் போயி," என்றாள். "இந்தக் கையால கொழுந்து கிள்ள முடியாது. தலை சீவ முடியாது. மருமக ஊட்டிவிடுறா. வெக்கமா இருக்கு. நீங்க அன்னிக்கு எனக்குப் பக்கத்துல நின்னீங்க. நான் உங்கள நல்லா இருங்கன்னு சொன்னேன்."

"ஓம் அம்மா."

"சொல்லியிருக்கலாமில்ல? திட்டியிருப்பேன். வேற என்னா செஞ்சிருக்கப் போறேன்?"

வினோதன் தலை குனிந்தான். மகன் ஒரு அடி முன்னால் வந்தான். வினோதன் அசையவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்று இருந்தது. அடித்தால் நல்லது என்றும் இருந்தது. ஆனால் மகன் அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து குந்தினான்.

"அப்ப நான் அடிச்சது சும்மா நின்னவர," என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. "அவரு ஒண்ணுமே பேசல. கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டாரு."

"பாவம்டா அந்தப் புள்ள," என்றாள் தெய்வானை. "எல்லாரும் சேர்ந்து என்னென்ன பேச்சுப் பேசினோம்." பிறகு வினோதனைப் பார்த்தாள். கோபம் அடங்கவில்லை. "நீங்கதான் அவருகிட்டப் போய்ச் சொல்லணும். எம் மகன் அடிச்சது தப்புன்னு. நாங்க மன்னிப்புக் கேட்டோம்னு. செய்வீங்களா?"

"செய்வன்."

"மறக்காம செய்யுங்க."

உங்களை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. திரும்பி இறங்கும்போது அயல்வீட்டுக்காரர்கள் வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தெருவரைக்கும் அந்தப் பார்வைகளுக்குள்ளேயே நடந்தான்.

மறுநாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனான். கிளைவ் தனியே இருந்தான். அறையில் பாதி நிரம்பிய பயணப்பெட்டி திறந்து கிடந்தது. பொலிஸ் ரிப்போர்ட் சிக்கல் இல்லாமல் வந்துவிடும் என்று லோயர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். வினோதன் உட்காராமல், தெய்வானையும் மகனும் சொல்லி அனுப்பியதை ஒரு சொல் விடாமல் சொன்னான்.

கிளைவ் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் கட்டிலில் இருந்தான்.

"அந்தப் பெடியன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அம்மா கை உடைஞ்சா நானும் அடிப்பன்." பயணப்பெட்டியின் மூடியைச் சாத்தினான். "நீ ஒளிச்சதும் எனக்கு விளங்குது மச்சான். அந்த நேரம் ஆருக்கும் கால் எழும்பாது. ஆனா றொசானா என்ட முகத்தைத் தொட்டுக்கொண்டு நிக்கேக்க, நீ வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு இருந்த. அதுதான் விளங்குதில்ல."

"எனக்கும் விளங்கேல்லை," என்றான் வினோதன்.

அது உண்மை. அவன் அதை எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டான்.

"எயார்போட்டுக்கு வராத. அவளுக்கு இன்னும் சரிவரேல்ல," என்றான் கிளைவ். "போய்ச் சேந்திட்டு நான் போன் எடுக்கிறன்."

எடுப்பானா என்று வினோதனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தான். கைகொடுத்தார்கள். முன்பென்றால் கட்டிப்பிடித்திருப்பார்கள்.

படியில் பாதி இறங்கியபோது றொசானா கீழிருந்து ஏறி வந்தாள். மாதா கோவிலுக்குப் போய்விட்டுச் சந்தைச் சாமான்களோடு வந்துகொண்டிருந்தாள். படி ஒடுக்கம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் போக முடியாது. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள்.

"றொசானா," என்றான் அவன். என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"கீழ படி உடைஞ்சிருக்கு," என்றாள் அவள், அவனைப் பாராமல். "பாத்துப் போங்க."

அவள் மேலே போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவன் அங்கேயே நின்றான். கண்ட முதல் நாளிலிருந்தே அவனை நீ என்றும் டேய் என்றும்தான் கூப்பிட்டவள். பிறகு கைபிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கவனமாக இறங்கினான்.